புதுப்பிப்பு: பிளாக்கர்ல இருந்த தோட்டத்து பதிவெல்லாம் வேர்ட்பிரஸ்க்கு வந்துருச்சு

மலேசியாவுல சுங்கை சிப்புட்லேர்ந்து எழுதுறேன். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) கதைங்க இருந்த பழைய பிளாக்கர் பதிவுகள வேர்ட்பிரஸ்க்கு (ரெண்டும் வலைப்பதிவு எழுதுற தளம்) எப்படி மாத்துறதுன்னு கேட்டிருந்தேன்ல, வேலை முடிஞ்சது, உதவுன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

ஒவ்வொன்னா காப்பி பேஸ்ட் பண்ண தேவையே இல்ல. எல்லா பதிவும் அடங்குன பேக்கப் ஃபைல் எடுங்கன்னு ஒரு அக்கா சொன்னாங்களே, அதுதான் கை குடுத்துச்சு. பிளாக்கர் செட்டிங்ஸ்ல பேக்கப் எடுத்து, வேர்ட்பிரஸ்ல டூல்ஸ், இம்போர்ட்னு போயி பிளாக்கர் இம்போர்ட்டர போட்டு ஃபைல ஏத்துனேன், பதிவு, தேதி, கமெண்ட் எல்லாம் வந்துருச்சு.

எதிர்பார்க்காதது போட்டோதான். பாக்க வந்த மாதிரியே இருக்கும், ஆனா ரைட் கிளிக் பண்ணி படத்தோட முகவரிய பாத்தா இன்னும் பழைய கூகுள் சர்வர்லேர்ந்துதான் வருது. அப்பா காண்டா வாளியோட (ரப்பர் பால் தூக்குற வாளி) ரப்பர் மரத்துக்கிட்ட நிக்கிற படம் எனக்கு வேற எங்கயும் இல்ல, அதனால வெளிப்படங்கள இழுத்து சேக்குற பிளக்இன் (கூடுதல் மென்பொருள்) ஒன்னு போட்டு எல்லாத்தையும் வேர்ட்பிரஸோட மீடியா லைப்ரரிக்குள்ள கொண்டாந்துட்டேன். அது முடியிற வரைக்கும் பழைய பிளாக்க தயவுசெஞ்சு அழிச்சிராதீங்க.

இன்னொன்னு, தமிழ்த் தலைப்ப அப்படியே லிங்க்கா வச்சா நீளமானது பாதியில வெட்டுப்படுது. வேர்ட்பிரஸ்ல அந்த லிங்க்குக்கு 200 எழுத்து இடம்தான், தமிழ் எழுத்து அதுல %E0%AE%95 மாதிரி குறியா மாறுறதால ஒரு ‘க’வே 9 இடத்த புடிச்சிக்குது. இங்கிலீஷ் எழுத்துல சின்னதா லிங்க் வச்சதும் சரியாயிருச்சு.