கத்தரி இலைத் துண்டில் புட்ரெசின் வேலை செய்யவில்லை, ஸ்பெர்மின் கறுக்க வைக்கிறது: எங்கே பிழை?

கேள்வி (ஆய்வு மாணவி, நாகமலை, மதுரை)

வணக்கம். வரிக்கத்தரியின் இலைத் துண்டுகளை என்.ஏ.ஏ. (ஆக்சின் வகை வளர்ச்சி ஊக்கி) கலந்த எம்.எஸ். ஊடகத்தில் (முராஷிகே-ஸ்கூக் திசு வளர்ப்பு ஊடகம்) வைத்து உடற்செல் கருக்களை (விதையின்றி, இலைச் செல்களிலிருந்தே உருவாகும் கருக்களை) வளர்க்கிறேன். கருக்களின் எண்ணிக்கை கூடும் என்ற எண்ணத்தில் ஒரு தொகுதிக்குப் புட்ரெசினும் மற்றொன்றுக்கு ஸ்பெர்மினும் (இரண்டும் செல்களில் இயல்பாகவே இருக்கும் பாலிஅமைன் வகைச் சேர்மங்கள்) லிட்டருக்கு 1 மில்லிமோல் வீதம் சேர்த்து, ஊடகத்தோடு சேர்த்தே ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் நுண்ணுயிர் நீக்கம்) செய்தேன். புட்ரெசின் தட்டுகளில் எந்த வேறுபாடும் தெரியவில்லை. ஸ்பெர்மின் தட்டுகளிலோ பத்தாம் நாளுக்குள் வெட்டு விளிம்புகள் பழுப்பேறிக் கறுத்து, சுற்றியிருந்த அகாரிலும் கறை இறங்கிவிட்டது. இடையில் ஒருநாள் மின்தடையால் வளர்ப்பறை சூடேறியது, அதுதான் காரணமா?

மறுமொழி 1

ஒன்றும் சேர்க்காத தட்டுகளும் அதே அறையில்தானே இருந்தன? அவை நன்றாக இருந்தால் மின்தடையைக் குறை சொல்ல முடியாது. எந்த உப்பை, எத்தனை மில்லிகிராம் எடை போட்டீர்கள்?

மாணவி

ஆம் ஐயா, அவை பச்சையாகவே உள்ளன. புட்ரெசின் டைஹைட்ரோகுளோரைடு லிட்டருக்கு 88 மில்லிகிராம், ஸ்பெர்மின் டெட்ராஹைட்ரோகுளோரைடு 202 மில்லிகிராம்.

மறுமொழி 1

பிழை அங்கேதான், அம்மா. 88.15 என்பது உப்பாக இல்லாத புட்ரெசினின் மூலக்கூறு எடை. நீங்கள் எடை போட்ட உப்புக்கு அது 161.07. ஆகவே தட்டில் விழுந்தது ஏறத்தாழ 0.55 மில்லிமோல்தான். ஸ்பெர்மின் உப்புக்கு 348.18 என்பதால் அங்கும் 0.58 மில்லிமோல்தான் இருக்கிறது. குறைவாக விழுந்தும் கறுத்திருக்கிறது என்றால், 1 மில்லிமோலை நினைத்தே பார்க்க வேண்டாம்.

மறுமொழி 2

கறுப்பதற்கு என் கணிப்பு இது: ஸ்பெர்மினைப் பாலிஅமைன் ஆக்சிடேஸ் நொதி சிதைக்கும்போது ஹைட்ரஜன் பெராக்சைடு வெளிவருகிறது, கத்தரியிலோ ஆக்சிஜனேற்றத்தில் பழுப்பேறும் குளோரோஜெனிக் அமிலம் ஏராளம். சாம்பாருக்கு நறுக்கிய கத்தரிக்காயைத் தண்ணீரில் போட மறந்தால் என்ன ஆகிறதோ, அதுவே உங்கள் தட்டில் விரைவாக நடக்கிறது. 0.05, 0.1 மில்லிமோல் எனக் கீழிருந்து தொடங்குங்கள். ஆட்டோகிளேவையும் தவிர்த்து, 0.22 மைக்ரான் வடிகட்டியில் தனியே வடித்து, ஊடகம் ஆறியபின் சேருங்கள்.

புட்ரெசின் பலன் தராததை எடைப் பிழையோடு மட்டும் முடிச்சுப் போட வேண்டாம். செல் தானே ஆர்ஜினினிலிருந்தோ ஆர்னிதினிலிருந்தோ அதை உருவாக்கிக்கொள்கிறது. அது ஸ்பெர்மிடினாகவும் பின்னர் ஸ்பெர்மினாகவும் மாறத் தேவைப்படும் எஸ்-அடினோசில் மெத்தியோனின்தான் எத்திலீன் என்னும் தாவர வாயு ஹார்மோனுக்கும் மூலப்பொருள். மூடிய தட்டில் எத்திலீன் தேங்கினால் கணக்கே மாறலாம். எனவே உள்ளே போதிய புட்ரெசின் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். ஆர்ஜினின் வழியாகப் புட்ரெசின் உருவாகத் தேவையான நொதியான ஆர்ஜினின் டிகார்பாக்சிலேசைத் தடுக்கும் டைஃபுளோரோமெத்தில் ஆர்ஜினினை ஒரு தொகுதியில் சேருங்கள். கருக்கள் குறைந்து, புட்ரெசின் சேர்த்ததும் மீண்டால், உங்கள் திசுவுக்கு அது தேவை என்று துணிந்து எழுதலாம்.

மாணவி (மூன்று வாரம் கழித்து)

ஸ்பெர்மினை 0.1 மில்லிமோலாக்கி வடிகட்டிச் சேர்த்ததில் கறை இல்லை. எடையைத் திருத்திய புட்ரெசின் தட்டுகளில் கருக்களை எண்ணத் தொடங்கியிருக்கிறேன்; தடுப்பான் இன்னும் வந்து சேரவில்லை.