நட்புக்குப் பயிற்சி: வன்னியிலிருந்து சில அனுபவங்கள்

கிளிநொச்சியிலிருந்து, தொண்டர்களைப் பயிற்றுவிப்பவர்

மாற்றுத்திறனாளிகளோடு பழகுவதற்கு இளைஞர்களுக்கு ஏன் பயிற்சி, நட்பு தானாக வராதா என்று பலர் கேட்கிறார்கள். 2009 இல் போர் முடிந்த பின்னர், அதில் காயமடைந்தோரின் வீடுகளுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் படிவத்துடனோ, பொதியுடனோ, கமராவுடனோ வந்தார்கள். அந்த உதவிகள் அவசியமானவை, அவற்றை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆயினும் படலையடியில் ஒருவர் வந்து நின்றால் அவர் எதையோ தருவதற்கோ பதிவதற்கோ வந்தவர் என்ற எண்ணம், வருபவரிடமும் வீட்டாரிடமும் ஊறிவிட்டது. அதனால்தான் எங்கள் பயிற்சியில் முதலில் சொல்வது: வெறுங்கையோடு போங்கள், படம் எடுக்காதீர்கள், காயம் எப்படி வந்தது என்று நீங்களாகக் கேட்காதீர்கள்.

அப்படியானால் போய் என்னதான் கதைப்பது என்று திகைத்த தம்பி ஒருவரை, உங்களுக்குத் தெரியாத ஒன்றை அவரிடம் கேளுங்கள் என்று ஒட்டுசுட்டான் பக்கம் அனுப்பினோம். அங்கே முள்ளந்தண்டு பாதிக்கப்பட்ட அண்ணை ஒருவர் முன்னர் தோட்டம் செய்தவர். தம்பியின் வீட்டு மிளகாய்க் கன்றுகளில் இலை சுருண்டு கிடந்தது. அதைச் சொன்னதும், "மேல சுருளுதோ கீழ சுருளுதோ? பிரட்டிப் பாத்தனீரே? நாளைக்கு ரெண்டு இலை கொண்டு வாரும்" என்றாராம். பிறகு அவரே என்னிடம் சொன்னார்: "வாறவை எல்லாம் என்ன வேணும் எண்டுதான் கேப்பினம். இந்தப் பெடியன்தான் என்னட்ட ஒண்டு கேட்டு வந்தவன்."

மனநிலையோடு உடல்பற்றிய அறிவும் தேவை. முள்ளந்தண்டு வடம் நெஞ்சுக்கு மேற்பட்ட பகுதியில் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதிப்புக்குக் கீழே வியர்வை சரியாகச் சுரக்காது என்பதால், வன்னியின் சித்திரை வெயிலில் உடல் வேகமாகச் சூடேறி ஆபத்தாகிவிடும். உணர்வற்ற பகுதியில் படுக்கைப்புண் வராமலிருக்க, கதையின் நடுவே சக்கர நாற்காலியில் இருப்பவர் கைகளை ஊன்றி உடலை உயர்த்திக்கொண்டிருப்பார். அதைப் பார்த்துப் பதறி எழுந்து போகத் தேவையில்லை. மணற்பாதையில் நாற்காலியின் முன்சில்லுகள் புதைந்தால், அவரிடம் கேட்டுவிட்டு நாற்காலியைப் பின்பக்கம் சாய்த்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடிக்கும்படி கொடுங்கள். விடைபெறும்போது வாயால் சொல்லிவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவில் 1989 இல் தொடங்கப்பட்ட பெஸ்ட் பட்டீஸ் அமைப்பு, அறிவுசார் குறைபாடுடையவர்களை மாணவர்களோடு இருவர் இருவராக இணைத்தது. இருவரை இருவராகவே பழகவிடும் அந்த முறை எங்களுக்கும் பொருந்துகிறது. குழுவாகப் போனால் தொண்டர்கள் தங்களுக்குள்ளேயே கதைத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்த ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தின் 19 ஆம் உறுப்புரை, சமூகத்தில் மற்றவர்களோடு சேர்ந்து வாழ்வதை உரிமையாகவே சொல்கிறது. ஒழுங்கையில் பேச்சுத்துணைக்கு ஒருவரும் இல்லாமல் அந்த உரிமை நிறைவேறியதாக நான் கருதமாட்டேன்.

முல்லைத்தீவிலிருந்து, தொண்டர்

நான் பழகும் அக்காவுக்கு முப்பது வயதைத் தாண்டிவிட்டது. அறிவு வளர்ச்சியில் குறைபாடு உண்டு. எதைக் கேட்டாலும் பதில் சொல்வது அவரது அம்மாதான். பயிற்சியில் சொல்லித்தந்தபடி, அம்மா பதில் சொன்ன பிறகும் அக்காவின் முகத்தைப் பார்த்தபடியே காத்திருந்தேன். பதில் வரச் சிலவேளை நெடுநேரம் பிடிக்கும், ஆனால் வரும். அவர் சொன்ன முதல் நீண்ட பதில், தன் கோழிகளில் எது எந்த மரத்தில் அடையும் என்பது. அதன் பிறகு அம்மாவும் இடையிடையே பேச்சை நிறுத்தி மகளைப் பார்க்கத் தொடங்கினார்.

எனக்கு மிகவும் உதவிய பாடம் பிரிவைப் பற்றியது. எப்போது வருவீர்கள் என்று கேட்டால், உறுதியாக வரக்கூடிய நாளை மட்டும் சொல்லி, அதை நாட்காட்டியில் அவரைக்கொண்டே வட்டமிடுவிக்க வேண்டும். யாழ்ப்பாணத்துக்குப் படிக்கப் போவது தெரிந்த உடனேயே அவருக்குச் சொல்லிவிட்டேன். கோபித்தார், இரண்டு முறை போனபோது என்னோடு கதைக்கவில்லை. கோபிக்க அவருக்கு முழு உரிமையும் உண்டு. இப்போது ஞாயிறு பின்னேரங்களில் தொலைபேசியில் கதைக்கிறோம், பெரும்பாலும் கோழிகளைப் பற்றி.

புதுக்குடியிருப்பிலிருந்து, சக்கர நாற்காலியில் இருப்பவர்

இந்தப் பயிற்சிகளில் நானும் வகுப்பெடுக்கிறேன். ஒழுங்கு செய்பவர்களிடம் இரண்டு விடயங்களைக் கேட்கிறேன். முதலாவது, யாரோடு பழகுவது என்பதை நாங்களும் தெரிவு செய்ய வேண்டும். ஒரு தொண்டரை ஒருவருக்குப் பிடிக்காவிட்டால், நன்றியில்லாதவர் என்று சொல்லாமல் வேறொருவரை அறிமுகப்படுத்துங்கள்.

இரண்டாவது, பயிற்சிக்கான மண்டபத்தைப் பார்க்கப் போகும்போது வாசலில் சாய்தளம் இருப்பதோடு திருப்திப்பட்டுவிடாதீர்கள். கழிப்பறைக் கதவையும் அளவுநாடாவால் அளந்து பாருங்கள். திறந்த நிலையில் 80 சென்ரிமீற்றராவது இடைவெளி இல்லாவிட்டால் பெரும்பாலான நாற்காலிகள் சிரமமின்றி நுழையாது. எங்களில் பலர் வெளியே போகும் நாளில் இந்தப் பயத்தால் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்று எளிதில் ஏற்படும் எங்கள் உடலுக்கு அது பெருங்கேடு. எனவே அழைப்பு விடுக்கும்போதே கழிப்பறை எப்படி இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுங்கள், வருவதா இல்லையா என்று நாங்கள் தீர்மானித்துக்கொள்கிறோம்.