புதுப்பிப்பு: பிளான்ட் ஆப்பரேட்டர் வேலையில் சேர்ந்தாச்சு

கடலூர் சிப்காட்டில் கெமிக்கல் பிளான்ட் வேலைக்குப் போகிறேன், முதலில் எதைக் கற்றுக்கொள்வது என்று கேட்டிருந்தேனே, சேர்ந்தாச்சு. பிளான்ட் டிராயிங்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பைப் லைனாக நடந்து பார் என்று ஓர் அண்ணன் சொன்னதுதான் ரொம்ப உதவியது, ஏனென்றால் கன்ட்ரோல் ரூம் திரையில் ஒட்டிக்கொண்டு தெரியும் இரண்டு வால்வுக்கு நடுவே நிஜத்தில் இரண்டு மாடி ஏற வேண்டியிருக்கிறது. சென்ட்ரிஃப்யூகல் பம்ப் (சுழலும் சக்கரத்தால் திரவத்தைத் தள்ளுவது) என்றால் சக்‌ஷனை (திரவம் உள்ளே வரும் பக்க வால்வை) முழுக்கத் திறந்து, காற்றை வெளியேற்றி, டிஸ்சார்ஜை (வெளியேறும் பக்க வால்வை) மூடிவைத்து ஸ்டார்ட் செய்து, பிரஷர் ஏறியதும் மெதுவாகத் திறக்கணும். பல்சக்கரங்களால் திரவத்தைத் தள்ளும் கியர் பம்புக்கு இது நேர் எதிர், டிஸ்சார்ஜ் மூடியிருந்தால் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பம்புக்குள் ஜல்லி உருளுகிற மாதிரி சத்தம் வந்தால் கேவிட்டேஷன் (திரவத்தில் ஆவிக்குமிழிகள் உருவாகி உடைவது), முதலில் சக்‌ஷன் ஸ்ட்ரெய்னர் (வடிகட்டி) அடைத்திருக்கிறதா பாருங்கள். அப்புறம், ஷிஃப்ட் மாறும்போது லாக்புக்கை மட்டும் நம்பாமல் ஆளை நிறுத்தி, எந்த வால்வு பைபாஸில் (அதைச் சுற்றிப் போகும் மாற்று வழியில்) இருக்கிறது என்று வாயால் கேட்டுவிடுங்கள். நைட் ஷிஃப்ட் தூக்கம்தான் இன்னும் பிடிபடவில்லை.