சினிமா வரலாற்றுப் புத்தகங்களும் பக்கத்தில் நின்றவர்களும்

தோ பாயோ ரசிகன்:
நம்ம சிங்கப்பூர் நூலகங்களில் சினிமாப் புத்தகங்களின் அடுக்கு எண் 791.43. தமிழ் அடுக்கில் அந்த எண்ணுக்கு முன்னால் நிற்கிறவர்களைக் கொஞ்ச காலமாகக் கவனித்து வருகிறேன், பல நேரம் புத்தகத்தைவிட அவர்கள் சுவாரசியம். புதிதாக வந்திருப்பவற்றில் நான் பார்த்தவரை பெரும்பாலும் நட்சத்திரங்களின் வாழ்க்கைக் கதை, இசையமைப்பாளர் புகழ்மாலை, பத்திரிகைத் தொடர்களின் தொகுப்பு. யார் பணம் போட்டது, படச்சுருள் என்ன ஆனது, யார் பார்த்தார்கள் என்று சொல்கிற புத்தகம் அபூர்வமாகத்தான் தேறும். சினிமா வரலாற்றாய்வாளர் தியடோர் பாஸ்கரன் எழுதியவை கண்ணில் பட்டால் விடாதீர்கள். ஆங்கிலத்தில் 1996இல் வந்து தேசிய விருது வாங்கிய அவருடைய நூல் ‘பாம்பின் கண்’ என்று தமிழிலும் இருக்கிறது.

சரி, அப்படி அடுக்குக்கு முன்னால் நடந்த ஒரு சந்திப்புக்கு வருகிறேன். அங் மோ கியோ நூலகத்தில் கனமான ஒரு படப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எழுபதைத் தாண்டிய ஒரு பெரியவர் வந்து நின்று, “அதுல ரெக்ஸ் தியேட்டர் போட்டிருக்கா தம்பி?” என்றார். மெக்கன்சி சாலை ரெக்ஸைத்தான் கேட்கிறார், 1946இல் திறந்தது. இல்லை அங்கிள், எல்லாம் சென்னைக் கொட்டகைகள்தான் என்றேன். “அப்ப அது என்ன வரலாறு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவருடைய அப்பா தியேட்டர் வாசல்களில் காச்சாங் பூத்தே (வறுத்த கடலை வகைகள்) விற்றவராம். பொட்டலம் மடிக்கப் பழைய தாள் கிழித்துக் கொடுப்பது இவர் வேலை. படம் தேறுமா தேறாதா என்று உள்ளே போய்ப் பார்க்காமலே அப்பா சொல்லிவிடுவாராம்: இடைவேளையில் ஜனம் அவசரமாக வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினால் படம் நல்ல படம், வாசலிலேயே நின்று கொறித்துக்கொண்டு பேசினால் அடுத்த வாரம் போஸ்டர் மாறும். எந்த விமர்சகரும் இப்படி எழுதி நான் படித்ததில்லை. கடைசியில் அவர் அந்தப் புத்தகத்தை வாங்கிப் பார்க்கவே இல்லை.

பிடோக் வாசகி:
எனக்கு நடந்தது எஸ்பிளனேட் நூலகத்தில். கலைகளுக்கென்றே உள்ள இடம் அது, சினிமாப் புத்தகங்கள் மற்ற கிளைகளைவிட அதிகம். பழைய மலாய்ப் படங்களைப் பற்றிய ஒரு புத்தகத்தை எடுத்தேன், பக்கத்தில் இருந்த ஒரு மாக்சிக் (வயதான மலாய்ப் பெண்மணி) எட்டிப் பார்த்து, ஒரு படத்தில் விரலை வைத்து, இவர் உங்கள் ஆள்தானே என்று மலாயில் கேட்டார். எல். கிருஷ்ணன்! தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். 1950இல் மலாய்த் திரை நட்சத்திரம் பி. ராம்லியைக் கதாநாயகனாக்கிய ‘பக்தி’ படத்தை எடுத்தவர். மாக்சிக் சின்ன வயதில் பாலஸ்டியர் பக்கம் குடியிருந்தவர். அங்கே ஜாலான் அம்பாஸ் தெருவில் படத் தயாரிப்பாளர்களான ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ வாசலில் நடிகர்களைப் பார்க்கக் காத்திருந்த கதையைச் சொன்னார், பாட்டும் பாடினார், நூலகம் என்பதால் மெதுவாக.

எனக்கு அங்கே கோபம் வந்தது, மாக்சிக் மேல் இல்லை, நம் தமிழ் அடுக்கின் மேல். 1934இல் இங்கே ‘லைலா மஜ்னுன்’ எடுத்த பி. எஸ். ராஜ்ஹான்ஸ் கல்கத்தாக்காரர், 1956இல் ‘ஹாங் துவா’ எடுத்த பணி மஜும்தார் வங்காளி, அடுத்த வருடம் ‘பொந்தியானாக்’ எடுத்த பி. என். ராவும் இந்தியாவிலிருந்து வந்தவர்தான். 1967இல் ஜாலான் அம்பாஸ் ஸ்டூடியோ மூடும்வரை நடந்த இத்தனையும் மலாய், ஆங்கிலப் புத்தகங்களில் இருக்கிறது. தமிழில் சிங்கப்பூர் என்றால் பாட்டுக்கு வந்து ஆடிவிட்டுப் போன ஊர், அவ்வளவுதான். இங்கிருந்தே ஒரு தமிழ்ப் படம், இயக்குநர் எரிக் கூவின் ‘மை மேஜிக்’, 2008இல் கான் திரைப்பட விழாவின் போட்டிப் பிரிவுக்குப் போனது. அதையாவது ஒரு அத்தியாயமாக யாராவது எழுதக்கூடாதா?

ஈசூன் அண்ணன்:
எங்கள் புளோக்கில் ஒரு ஆச்சி. நான் நூலகத்திலிருந்து கொண்டுவந்ததைப் பார்த்துவிட்டு உள்ளே போய் பிஸ்கட் டின்னை எடுத்து வந்தார். உள்ளே முழுக்கப் பாட்டுப் புத்தகங்கள்! பாதிக் கதையைச் சொல்லிவிட்டு ‘மீதியை வெள்ளித்திரையில் காண்க’ என்று முடிப்பார்களே, அதேதான். வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பார்க்கிறேன் என்றதற்கு, இங்கேயே உட்கார்ந்து பார் என்றார், நியாயம்தானே. முதல் தமிழ்ப் பேசும்படம் ‘காளிதாஸ்’, 1931 தீபாவளி சமயத்தில் வந்தது, அதன் பிரதியே இன்று இல்லை. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றுக்கு மிஞ்சியவை விளம்பரமும் பாட்டுப் புத்தகமும்தான்.

தோ பாயோ ரசிகன்:
அண்ணே, அதோடு சேர்த்து இதையும் சொல்லியாக வேண்டும். திருவிதாங்கூரில் எடுத்த ‘மார்த்தாண்ட வர்மா’, 1933, ஊமைப்படம். சி. வி. ராமன் பிள்ளை நாவலை அனுமதியில்லாமல் எடுத்துவிட்டார்கள் என்று பதிப்பாளர் வழக்குப் போட, படம் முடங்கிப் பிரதி புத்தகக் கடைக்காரர் கைக்குப் போய்விட்டது. ஊரெல்லாம் ஓடிய படங்களின் சுருள்கள் தேய்ந்தும் எரிந்தும் போயின, அந்தக் காலத்து நைட்ரேட் சுருளுக்குத் தீப்பொறி போதும். இது மட்டும் கமலாலயா புத்தகக் கடையில் பத்திரமாகக் கிடந்தது, 1974இல் புனே திரைப்பட ஆவணக் காப்பகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. ஓடாததால் பிழைத்த படம். தயாரிப்பாளர் பாவம், போட்ட பணம் போச்சு.

ஜூரோங் வெஸ்ட்:
புத்தகத்தில் இல்லாத நம்ம ஊர் சங்கதிக்குத் தேசிய நூலகத்தின் பழைய செய்தித்தாள் இணையதளத்தைப் பாருங்கள். நம்ம ஊர் நாளிதழ் தமிழ் முரசு 1935இல் தொடங்கியது, பழைய இதழ்களைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள்களாகத் திறந்தால் சினிமா விளம்பரம் எந்தக் கொட்டகை, எத்தனை காட்சி என்று வரிசையாக வரும். என் அம்மாவிடம் ஒரு பக்கத்தைக் காட்டினேன். படத்தின் பெயரைப் படிக்கவில்லை, டிக்கெட் விலையைப் பார்த்துவிட்டு, “அதுக்கே உங்க தாத்தா திட்டுவார்” என்றார்.

பிடோக் வாசகி:
ரெக்ஸ் அங்கிளுக்கு இந்தத் தளத்தைக் காட்டிக் கொடுங்கள் ரசிகன், மறுபடி பார்த்தால். ‘பாம்பின் கண்’ இப்போது என்னிடம் இருக்கிறது, 21 நாள் முடிவதற்குள் திருப்பிவிடுவேன். வேண்டியவர்கள் முன்பதிவு போட்டு வையுங்கள்.