ஈராசிரியர் பள்ளி: போன் திணறுகிறது, டிவி பென் டிரைவை ஏற்கவில்லை, பாடம் நகரவில்லை. வழி சொல்லுங்கள்

கரும்பலகை டீச்சர்:
வணக்கம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. நானும் தலைமை ஆசிரியரும் மட்டும்தான். ஒன்று முதல் மூன்று வரை என் பொறுப்பு. எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு, கற்றல் நிலைப்படி பிரித்த அரும்பு, மொட்டு, மலர் குழுக்கள் மூன்றும் ஒரே அறையில். அதைக்கூடச் சமாளித்துவிடுவேன், இந்தப் போனைத்தான் முடியவில்லை.

காலையில் வருகைப்பதிவுச் செயலியைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அதற்குள் வட்டாரக் குழு, குறுவள மையக் குழு, சங்கக் குழு என்று வாட்ஸ்அப் கத்துகிறது. "மிக அவசரம்" என்று ஒரு படிவம் வரும். அதை நிரப்ப உட்கார்ந்தால் மொட்டுக் குழுவில் பென்சில் சண்டை. சரி, டிவியில் பாட்டு போடலாம் என்றால் புதிதாக வாங்கிய 64 ஜிபி பென் டிரைவை டிவி கண்டுகொள்ளவே இல்லை. ஜிமெயிலுக்கும் மெயில் வருவது நின்றுவிட்டது. போனில் இடமில்லை என்கிறது. செயலியை அழித்துவிட்டு மறுபடி போட்டால் சரியாகுமா?

மலைப்பள்ளி:
அழிக்காதீங்க டீச்சர்! சர்வருக்குப் போகாமல் போனிலேயே நிற்கிற பதிவு இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். முதலில் சிக்னல் கிடைக்கிற இடத்தில் நின்று சிங்க் கொடுங்கள், பதிவெல்லாம் சர்வருக்குப் போகட்டும். பிறகு செட்டிங்ஸில் அந்தச் செயலிக்குப் போய் கேஷ் (தற்காலிகக் கோப்புகள்) மட்டும் அழியுங்கள். பக்கத்திலேயே 'டேட்டா அழி' என்றும் இருக்கும், அதன்மேல் விரல் படக்கூடாது.

லேப் சார்:
மெயில் நின்றதற்கும் வாட்ஸ்அப்தான் காரணமாக இருக்கும். கூகுளில் இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் அதற்குள்தான். முன்பு ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்கில் வராது, 2024 முதல் வருகிறது. இடம் நிறைந்தால் ஜிமெயில் புது மெயிலை வாங்காது. பேக்கப் அமைப்பில் வீடியோவைச் சேர்க்காதபடி மாற்றுங்கள். வாட்ஸ்அப்பின் சேமிப்பக நிர்வாகத்தில் 5 எம்பிக்கு மேற்பட்டவை தனியாகத் தெரியும். சங்கக் குழுவின் மாநாட்டு வீடியோக்கள் அங்கேதான் குவிந்திருக்கும்! தானாகப் பதிவிறங்குவதையும் நிறுத்திவிடுங்கள்.

பென் டிரைவ் கெட்டுப்போயிருக்காது. 64 ஜிபி பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் வடிவில் வரும், பழைய டிவிகள் பல அதைப் படிக்காது. 32 ஜிபி ஒன்று வாங்கி, கணினியில் ஃபேட்32 என்று ஃபார்மேட் செய்து, பாட்டுகளை எம்பி4 ஆகப் போடுங்கள். பாடப்புத்தக கியூஆர் காணொளிகளையும் தீக்ஷா செயலியில் வீட்டிலிருந்தே இறக்கி வைத்தால் வகுப்பில் நெட் தேவைப்படாது.

சுண்ணக்கட்டி:
பள்ளி வேலைக்கென்று இன்னொரு போன் வைத்துக்கொள்வதுதான் வழி.

கரும்பலகை டீச்சர்:
அந்தப் போனையும் ரீசார்ஜையும் யார் சார் தருவார்கள்?

மலைப்பள்ளி:
இரண்டு போனில் இரண்டு மடங்கு சத்தம்தான் வரும். பாட நேரத்தில் போனைத் தேடவேண்டியது வருகைப்பதிவுக்கு மட்டும். அது முடிந்ததும் குழுக்களை மியூட்டில் போடுங்கள். உங்கள் ஹெச்எம்மிடம் பேசி, குழுச் செய்திகளை முற்பகல் அவர், மதிய உணவுக்குப் பின் நீங்கள் பார்ப்பது என்று முறை வைத்துக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் அப்படித்தான். உண்மையிலேயே அவசரமென்றால் போன் போட்டுக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. வருகிற படிவங்களில் பாதி போன முறை கேட்டதுதான். பள்ளிக்குரிய 11 இலக்க யுடைஸ் எண், வகுப்புவாரி, இனவாரி எண்ணிக்கை, மின் இணைப்பு எண், பள்ளி வங்கிக் கணக்கு, இதையெல்லாம் தட்டச்சு செய்து வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பி, மேலேயே நிற்கும்படி 'பின்' (pin) செய்து வையுங்கள். நகலெடுத்து ஒட்டினால் போதும். பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டு நிற்கிற வேலை எனக்கு அதோடு விட்டது.

கரும்பலகை டீச்சர்:
மெயில் வந்துவிட்டது சார். செயலியும் பரவாயில்லை. ஹெச்எம் முதலில் யோசித்தார், அப்புறம் திங்கள் முதல் பார்க்கலாம் என்றார். டிவியில் படம் ஓடுகிறது, ஆனால் இரண்டு பாட்டுக்குச் சத்தமே இல்லை. பிள்ளைகள் தாங்களே பாடிக்கொள்கிறார்கள்.

லேப் சார்:
அந்த இரண்டின் ஒலி வடிவம் உங்கள் டிவிக்குப் பழக்கமில்லாததாக இருக்கும். கணினியில் விஎல்சி என்ற வீடியோ பிளேயர் இருக்கிறதா? அதில் மீடியா மெனுவில் கன்வர்ட் என்று வரும். ஹெச்.264 + எம்பி3 (எம்பி4) என்ற தேர்வைக் கொடுத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள்.