லாபம் 300, கைக்கு வந்தது 120: குடும்பக் குழுவில் ஒரு கம்பெனி அலசல்

கார்த்தி: பம்பு கம்பெனி ஷீட் போட்டிருக்கேன், எல்லாம் கோடியில. அஞ்சு வருஷ லாபம் 40, 48, 58, 70, 84. வருஷத்துக்கு சுமார் 20% ஏறுது. ஆர்.ஓ.இ (பங்குதாரர் மூலதனத்து மேல வர்ற லாபம்) 16.8%, பி.இ (விலை, வருஷ லாபத்தைப் போல எத்தனை மடங்கு) 25. ஷேரைப் பத்து வருஷத்துக்கு வாங்கிப் போடலாமா?

செல்வி அத்தை: ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோ, அதாவது வியாபாரத்துல நிஜமா கைக்கு வந்த பணம், அந்த வரிசையைச் சொல்லுடா முதல்ல.

கார்த்தி: 36, 30, 25, 19, 10 அத்தை.

செல்வி அத்தை: ரெண்டையும் தனித்தனியா கூட்டு.

கார்த்தி: லாபம் 300. கேஷ் 120. அய்யய்யோ.

ரவி சித்தப்பா: இன்னும் இருக்கு. தேய்மானம் அஞ்சு வருஷத்துல மொத்தம் 60 எழுதியிருக்கான். அது கையை விட்டுப் போகாத செலவு. அதனால கேஷ் ஃப்ளோ லாபத்தைவிடக் கூடத்தான் இருக்கணும். 360 வர வேண்டிய இடத்துல 120. மிச்சம் 240 எங்கே?

தீபா: பேலன்ஸ் ஷீட்ல இருக்கு. ட்ரேட் ரிசீவபிள்ஸ், அதாவது சரக்கு வாங்கினவங்க தர வேண்டிய பாக்கி, 80-லிருந்து 320. வித்தியாசம் அதே 240.

கார்த்தி: விற்பனையும் 500-லிருந்து 1000 ஆயிருக்கே அக்கா. பாக்கி ஏறாதா?

செல்வி அத்தை: ஏறும். ஆனா விற்பனை ரெண்டு மடங்கு, பாக்கி நாலு மடங்கு. நாள் கணக்கு போடு. பாக்கியை விற்பனையால வகுத்து 365-ஆல பெருக்கு. அப்போ 58 நாள், இப்போ 117 நாள். சரக்கு எடுத்தவன் ரெண்டு மாசத்துல கொடுத்த பணத்தை இப்போ நாலு மாசம் இழுக்கறான்.

ரவி சித்தப்பா: அதுக்குப் பின்னாடி ரெண்டு மூணு காரணம் இருக்கும். டீலர் கேக்காமலே வருஷக் கடைசியில சரக்கைத் தள்ளி விட்டு பில் போடறது. கடன் தவணையை நீட்டி விற்பனை பிடிக்கறது. இல்ல, வாங்கினவனாலயே கட்ட முடியல. மூணுலயும் லாப நஷ்டக் கணக்கு பளபளன்னுதான் இருக்கும், ஏன்னா பில் போட்ட அன்னிக்கே விற்பனைன்னு எழுதியாச்சு.

கார்த்தி: எதுன்னு எப்படி சித்தப்பா கண்டுபிடிக்கறது?

ரவி சித்தப்பா: காலாண்டு முடிவை எடு. நாலாவது காலாண்டு மட்டும் வருஷா வருஷம் வீங்கிக்கிட்டே போகுதா பாரு. சீசன் இல்லாத தொழில்ல அப்படி நடந்தா சரக்கைத் தள்றான்.

செல்வி அத்தை: அதோட ஆன்யுவல் ரிப்போர்ட்ல நோட்ஸ் பகுதி. ரிசீவபிள்ஸ் நோட்ல வயசு வாரியா ஒரு டேபிள் இருக்கும், ஆறு மாசத்துக்கு மேல, ஒரு வருஷத்துக்கு மேலன்னு. பழைய பாக்கி ஏறியும் வாராக்கடன் ஒதுக்கீடு ஏறலன்னா, இன்னிக்கு லாபம் அந்த அளவுக்கு ஊதிக் காட்டியிருக்கு. 320-ல 100 வராம போனாலே ஏறக்குறைய ஒரு வருஷ லாபம் காலி.

தீபா: போட்டி கம்பெனிகளோட நாள் கணக்கையும் பக்கத்துல வை கார்த்தி. எல்லாருக்கும் 110, 120 நாள்னா அந்தத் தொழிலே அப்படி. இவனுக்கு மட்டும்னா வேற கதை. அதே சமயம் கேஷ் ஃப்ளோ குறைஞ்சாலே மோசடின்னு முடிவு கட்டாதே. அரசாங்க வேலை எடுக்கற கம்பெனிக்குப் பணம் லேட்டாதான் வரும். புதுசா வளர்ற கம்பெனிக்கும் ஒண்ணு ரெண்டு வருஷம் இப்படி இருக்கும். அஞ்சு வருஷமும் ஒரே திசையில சரியறதுதான் உறுத்துது.

கார்த்தி: அப்போ ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோ நல்லா இருந்தா நம்பிடலாமா?

செல்வி அத்தை: அதுலயும் வித்தை காட்டலாம். அமெரிக்காவுல வேர்ல்ட்காம்னு ஒரு டெலிகாம் கம்பெனி 2002-ல மாட்டினது எப்படி? மத்த கம்பெனிகளோட லைனுக்குக் கட்டற கட்டணத்தைச் செலவுல எழுதாம சொத்துன்னு எழுதினாங்க. லாபமும் உசந்தது, ஆப்பரேட்டிங் கேஷ் ஃப்ளோவும் உசந்தது. செலவு போய் ஒளிஞ்ச இடம் கேப்பெக்ஸ், அதாவது மெஷின், கட்டடம் மாதிரி சொத்து வாங்கற செலவு. அதனால கேப்பெக்ஸைக் கழிச்ச ஃப்ரீ கேஷ் ஃப்ளோவைத்தான் நான் முதல்ல பாப்பேன்.

தீபா: பிரிட்டன்ல 2018 ஜனவரியில விழுந்த கட்டுமான கம்பெனி கேரிலியனும் உண்டு. சப்ளையருக்கு பேங்க் முன்கூட்டியே பணம் கொடுத்துடும், கம்பெனி பேங்க்குக்குப் பின்னாடி கட்டும். அசல்ல அது கடன். ஆனா கடன்னு காட்டாம, கொடுக்க வேண்டிய மற்ற பாக்கிகள் வரிசையில உக்கார வெச்சிருந்தாங்க. டிவிடெண்ட் மட்டும் வருஷா வருஷம் ஏறிட்டே இருந்தது.

கார்த்தி: நம்ம கம்பெனியும் டிவிடெண்ட் கொடுக்குது. அஞ்சு வருஷத்துல 60. கேப்பெக்ஸ் 150.

ரவி சித்தப்பா: 120 வந்தது, 150 மெஷினுக்குப் போச்சு. அங்கேயே 30 துண்டு விழுது. அதுக்கு மேல 60 டிவிடெண்ட். ஆக 90 குறையுது. கடன் எவ்வளவு ஏறியிருக்கு பாரு.

கார்த்தி: 100-லிருந்து 190. சரியா 90.

ரவி சித்தப்பா: கடன் வாங்கி டிவிடெண்ட் கொடுத்திருக்கான் 🤦

செல்வி அத்தை: ரொக்கத்தையும் ஒரு தட்டு தட்டிப் பாரு. பேங்க் இருப்பு எவ்வளவு, வட்டி வரவு எவ்வளவு? 200 இருக்குன்னு காட்டி வட்டி 3 வந்தா அந்த 200 மேல சந்தேகம் வரணும். 2009-ல நம்ம ஐ.டி கம்பெனி சத்யம், 2020-ல ஜெர்மனியில பேமென்ட் கம்பெனி ஒயர்கார்டு, ரெண்டுலயும் கணக்குல இருந்த ரொக்கம் பேங்க்ல இல்ல. ஒயர்கார்டுல 190 கோடி யூரோ.

கார்த்தி: இங்க ரொக்கம் 30, வட்டி ஏறக்குறைய 2.

செல்வி அத்தை: அது சரியா இருக்கு. அந்தக் கவலை வேண்டாம்.

கார்த்தி: ஆனா ஆர்.ஓ.இ 16.8 நல்லதுதானே?

தீபா: உடைச்சுப் பாரு. லாப விகிதம் 84/1000, அதாவது 8.4%. சொத்துச் சுழற்சி 1000/800, அதாவது 1.25. மொத்தச் சொத்துக்கும் மூலதனத்துக்கும் உள்ள மடங்கு 800/500, அதாவது 1.6. பெருக்கினா 16.8. இதுல மூணாவது எண் ஏறி ஆர்.ஓ.இ ஏறினா அது கடனோட வேலை. இங்க 1.6 பயப்படற அளவு இல்ல. ஆனா அந்த 800 சொத்துல 320 வராத பாக்கி. வந்தாதான் அந்த 84-க்கே அர்த்தம்.

கார்த்தி: விலை? மார்க்கெட் கேப், அதாவது எல்லா ஷேருக்கும் சேர்த்து விலை, 2100.

ரவி சித்தப்பா: விலையிலிருந்து பின்னோக்கிக் கணக்கு போடு. வருஷத்துக்கு 12% வேணும்னா பத்து வருஷத்துல 2100 சுமார் 3.1 மடங்கு, 6,520 ஆகணும். அப்போ வளர்ச்சி தணிஞ்சு பி.இ 15-க்கு வந்துடும்னு வை. லாபம் 435 வேணும். 84-லிருந்து 435-க்குப் பத்து வருஷம் விடாம சுமார் 18% வளரணும். டிவிடெண்டைச் சேர்க்கல, சேர்த்தா கொஞ்சம் குறையும். கையில காசு வராத கம்பெனி, கடன் ஏத்தாம அவ்வளவு ஓடுமா?

கார்த்தி: அப்போ பி.இ 6, 7-ல கிடைக்கற ஸ்டீல் கம்பெனி பக்கம் போகட்டுமா 😅

ரவி சித்தப்பா: அது அடுத்த குழி. ஸ்டீல், சிமென்ட் மாதிரி ஏற்ற இறக்கத் தொழில்ல லாபம் உச்சத்துல இருக்கும்போதுதான் பி.இ குறைச்சலா தெரியும். மார்க்கெட் கேப் 600, லாபம் 100, பி.இ 6. ஆனா எட்டு பத்து வருஷ சராசரி லாபம் 45-னா நிஜ விலை 13 மடங்கு. சராசரியை வெச்சுத்தான் பாக்கணும்.

தீபா: பேங்க்குக்கு இந்தக் கேஷ் ஃப்ளோ கணக்கு எதுவுமே பொருந்தாது, முன்னாடியே சொல்லிட்டேன். கடன் கொடுக்கறதே அவங்க வியாபாரம். அங்க வாராக்கடன், ஒதுக்கீடு, மூலதன விகிதம்தான்.

கார்த்தி: சரி. இதை வேண்டாம்னு தூக்கிப் போட்டுடவா?

செல்வி அத்தை: லிஸ்ட்ல வை, வாங்காதே. அடுத்த ரெண்டு ரிசல்ட்ல பாக்கி நாள் 117-லிருந்து இறங்குதா பாரு. பேலன்ஸ் ஷீட் எல்லாக் காலாண்டுலயும் வராது, ஆறு மாசத்துக்கு ஒரு தடவைன்னா அதுவரைக்கும் பொறு. இறங்கினாலும், பாக்கியை பேங்க்குக்குத் தள்ளுபடியில வித்து இறக்கினாங்களான்னு நோட்ஸ்ல தேடு. ஆடிட்டர் அறிக்கையையும் படி. ஆடிட்டர் பாதியில விலகியிருந்தா மத்த எதையும் படிக்கவே வேண்டாம்.

கார்த்தி: ரிப்போர்ட் 240 பக்கம் அத்தை.

செல்வி அத்தை: சேர்மன் கடிதம், படம் எல்லாம் தள்ளு. ஆடிட்டர் அறிக்கை, கேஷ் ஃப்ளோ, ரிசீவபிள்ஸ் நோட், ரிலேட்டட் பார்ட்டி நோட் (முதலாளிக்கு வேண்டியவங்களோட நடந்த கொடுக்கல் வாங்கல்), கன்டிஞ்சன்ட் லயபிலிட்டி (கேஸ், ஜாமீன் மாதிரி பின்னாடி தலையில விழக்கூடிய பொறுப்பு). முப்பது நாப்பது பக்கம்தான் வரும். ரிலேட்டட் பார்ட்டில முதலாளி வீட்டுக் கம்பெனிக்குக் கடன் போயிருந்தா இங்க போடு, பாக்கறேன்.

கார்த்தி: சரி அத்தை, ஞாயித்துக்கிழமைக்குள்ள போட்டுடறேன் 👍