மகரந்தச் சேர்க்கையைப் பசங்களுக்கு எப்படிக் காட்டினீங்க? வடசென்னை அனுபவங்கள்

கொருக்குப்பேட்டை டியூஷன் அக்கா

எங்கிட்ட சாயங்காலம் படிக்க வர்ற பசங்க சூலகமுடி, சூலகத்தண்டு, சூற்பைன்னு பூவோட பெண் பாகங்களை மூச்சு விடாம ஒப்பிப்பாங்க. ஒரு பூவைக் கையில குடுத்து எது எதுன்னு கேட்டா திருதிருன்னு முழிப்பாங்க. அவங்களைச் சொல்லி என்ன பண்றது? நம்ம ஏரியாவுல பூன்னா முழம் போட்டு வாங்குறதுதான். மல்லியை மொட்டுலயே பறிச்சுடறாங்க, அது விரியறதே நம்ம தலையில. பூ காயாகும்ன்ற பேச்சுக்கே அங்க இடமில்ல.

நிறைய பேர் செம்பருத்தியை வெச்சுத்தான் பாடம் நடத்துறாங்க. உறுப்பு காட்ட அது நல்ல பூதான். நடுவுல நீட்டிக்கிட்டு வர்ற குழல், அதைச் சுத்தி மஞ்சள் பொடி, உச்சியில அஞ்சு சிவப்புக் குமிழ், எல்லாம் பளிச்சுன்னு தெரியும். ஆனா நம்ம வீட்டுச் செம்பருத்தி காய் பிடிக்கிறது அபூர்வம், கொம்பு வெட்டி நட்டுத்தான் வளர்க்கிறோம். சேர்க்கை நடந்தா காய் வரும்னு வாயால சொல்லிட்டு, காயே வராத செடியைக் காட்டினா பசங்க எதை நம்புவாங்க? என் ஓட்டு பரங்கிக்குத்தான்.

எங்க ஹவுசிங் போர்டு மோட்டார் ரூம் பக்கத்துல யாரோ வழிச்சுப் போட்ட பரங்கி விதை முளைச்சு, கொடி சன்ஷேடு வரைக்கும் ஏறியிருந்தது. பரங்கிப் பூ விடியக்காலையில விரியும், வெயில் ஏறினா சுருங்கிடும். அதனால ஞாயித்துக்கிழமை பால் பாக்கெட் வாங்குற நேரத்துக்கே பசங்களை வரச் சொன்னேன். எதுவும் விளக்கல. "ரெண்டு விதமான பூ இருக்கு, கண்டுபிடிங்க" அவ்ளோதான். கொஞ்ச நேரத்துல ஒரு பொண்ணு கத்துது: "அக்கா, இதுக்கு அடியில குண்டா ஒண்ணு கீது, அதுக்கு இல்லக்கா!" அதான் பெண்பூ. சேர்க்கை நடக்குறதுக்கு முன்னாடியே இதழுக்குக் கீழ பிஞ்சு உக்காந்திருக்கும். ஆண்பூவுக்கு ஒல்லியான காம்பு மட்டும்தான்.

ஆண்பூ, பெண்பூன்னதும் பெரிய பசங்க ஒருத்தரை ஒருத்தர் இடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. சிரிக்கட்டும்னு விட்டுட்டேன். ஆண்பூவைப் பறிச்சு, இதழைக் கிழிச்சுட்டு, மகரந்தம் ஒட்டின நடுத்தண்டைப் பெண்பூவோட சூலகமுடியில தடவச் சொன்னதும் விரலெல்லாம் மஞ்சளாகி, யார் முதல்லன்னு சண்டை வந்து, சிரிப்பு தானா நின்னுடுச்சு.

இதுல முக்கியமான வேலை முந்தின நாள் சாயங்காலமே இருக்கு. மறுநாள் விரியப் போற பெண்மொட்டு நுனியில மஞ்சள் தட்டியிருக்கும். அப்படி ஒரு மொட்டை, தேனீ உள்ள போகாதபடி கொசுவலைத் துணியால மூடிக் கட்டிட்டேன். பூ விரிஞ்சு வாடுற வரைக்கும் துணியை எடுக்கல. பசங்க தடவின பூவோட காம்புல சிவப்பு நூல் கட்டினாங்க. சில நாள்ல சிவப்பு நூல் கட்டின பிஞ்சு உப்ப ஆரம்பிச்சுது. துணிக்குள்ள இருந்தது மஞ்சளாகி, வெம்பி விழுந்துடுச்சு. "தண்ணி ஊத்தலியாக்கா?"ன்னு ஒருத்தன் கேக்க, பக்கத்துல இருந்தவன் முந்திக்கிட்டான்: "லூசு, ரெண்டும் ஒரே கொடிதானே!" எனக்கு வேலையே வைக்கல.

"தேனீக்கு இதுல இன்னா லாபம்?"னு அடுத்த கேள்வி. தேனும் மகரந்தமும் அதுக்குச் சாப்பாடுன்னேன். அண்ணன் டெலிவரி வேலை பாக்குற பையன் ஒருத்தன் சொன்னான்: "துன்றதுக்கு வந்துட்டு, அப்டியே டெலிவரியும் குடுத்துட்டுப் போவுது." எந்த கைடுலயும் இவ்வளவு தெளிவா நான் படிச்சதில்ல.

திருவொற்றியூர் அப்பா

கொடிக்கு இடமில்லாதவங்க தோலோட ஒரு மக்காச்சோளம் வாங்குங்க. என் பொண்ணுக்கு அப்படித்தான் காட்டினேன். தோலை மெதுவா உரிச்சா, மணி வரிசைக்கு நடுவுல பட்டு நூல் படுத்திருக்கும். ஒரு மணிக்கு ஒரு நூல். செடி உச்சியில இருக்குற ஆண்பூவோட மகரந்தம் காத்துல வந்து அந்த நூல் நுனியில ஒட்டினாத்தான் அந்த மணி பிடிக்கும். நடுவுல அங்கங்க சொள்ளையா இருந்தா பெரும்பாலும் அந்த நூலுக்கு மகரந்தம் கிடைக்கலன்னு அர்த்தம். நுனி மட்டும் காலியா இருந்தா வேற காரணமும் இருக்கலாம், தண்ணி, உரம் பத்தாம போயிருக்கும். இப்ப பீச்சுல சோளம் வாங்கினாலே சொள்ளையைத் தேடிட்டுத்தான் சாப்பிடுறா, அதுக்குள்ள ஆறிடுது.

எண்ணூர்க்காரன்

எங்க பக்கம் ரயில் தண்டவாளம் ஓரம் பூரா எருக்கு. மொட்டை நசுக்கி "டப்"புன்னு வெடிக்காத பையன் இருக்கானா? ஆனா விரிஞ்ச பூவை யாரும் பாக்குறதில்ல. நடுவுல அஞ்சு மூலை மேடை மாதிரி இருக்கும். ஒவ்வொரு மூலையிலயும் பொடிக் கருப்புப் புள்ளி, அதுக்குக் கீழ ஒரு சின்ன இடுக்கு. குண்டூசியை இடுக்குல விட்டு மேல இழுத்தா, அந்தக் கருப்புப் புள்ளியோட ரெண்டு மஞ்சள் பை தொங்கிக்கிட்டே வரும். மகரந்தம் பொடியா உதிராம பொட்டலமா இருக்கு! கருவண்டு கால் அந்த இடுக்குல மாட்டும்போதும் இதேதான் நடக்குது. எங்க அக்கா பசங்க ரெண்டு பேரும் அன்னிக்கு ஒரு செடியைக் கூட விடல.

பால் கண்ணுல பட்டா பெரிய வம்பு. பெரியவங்க பறிச்சு, பால் வடிஞ்சப்புறம் குடுங்க, முடிஞ்சதும் சோப்பு போட்டுக் கை கழுவ வைங்க.

ராயபுரம் லைப்ரரி

கதை கேக்குற பசங்களுக்கு எட்மண்ட் அல்பியஸைச் சொல்லுங்க. 1841, ரீயூனியன் தீவு, 12 வயசு அடிமைச் சிறுவன். மெக்சிகோவுலேர்ந்து வந்த வெனிலாக் கொடி அங்க பூக்கும், காய்க்காது. சேர்க்கை பண்ற பூச்சி அந்த ஊர்ல இல்ல. பூவுக்குள்ள ஆண் பாகத்துக்கும் பெண் பாகத்துக்கும் நடுவுல இருக்குற சவ்வை ஒரு மெல்லிசான குச்சியால தூக்கி, கட்டை விரலால அழுத்திச் சேர்த்தது அந்தப் பையன்தான். இன்னிக்கும் வெனிலாத் தோட்டங்கள்ல அதே கைவேலைதான். ஐஸ்கிரீம் பேரைச் சொல்லி ஆரம்பிச்சீங்கன்னா கடைசி வரைக்கும் கேப்பாங்க.

வியாசர்பாடி மாடி

அக்கா, பரங்கி மாடியில வருமா? எப்ப விதை போடணும்?

கொருக்குப்பேட்டை டியூஷன் அக்கா

வரும்ப்பா. பெரிய டிரம், இல்லன்னா அகலமான பை எடுத்துக்கோ, கொடி ஓட இடம் விடு. ஆடியில போட்டா ஐப்பசி மழைக்கு முன்னாடி பூ பாத்துடலாம். மழையில நனைஞ்ச மகரந்தம் உதவாது. முதல்ல வெறும் ஆண்பூவா பூக்கும், அதைப் பாத்து கொடியைப் பிடுங்கிடாத. பெண்பூ பின்னாடி வரும்.